நான்கு நாள் கையில் இருந்தால் ஹம்பியா, பாதாமியா?

வட கர்நாடகத்துக்குத் தனியாக, ரயிலையும் அரசுப் பேருந்தையும் நம்பிப் புறப்பட நினைக்கும் தமிழ்ப் பயணி ஒருவருக்கு முதலில் எழும் கேள்வி ஹம்பிக்குப் போவதா, பாதாமிக்குப் போவதா என்பதுதான். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர் தூரமே இருப்பதால், ஒரே மூச்சில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தவுடன் தோன்றும். பேக்கேஜ் சுற்றுலாக்காரர்களும் ஹம்பிக்கு ஒன்றரை நாள், பாதாமி, அதன் பக்கத்துக் கோயில் ஊர்களான பட்டதக்கல், ஐஹொளே மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாள் என்று கணக்குப் போட்டு அப்படித்தான் அழைத்துச் செல்கிறார்கள். போக வர ஆகும் நேரம் நீங்கலாக நான்கு நாள் மட்டுமே கையில் உள்ளவர் இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஓரளவேனும் கவனித்துப் பார்த்தவர் என்றால் அந்த ஒன்று பாதாமியாக இருக்க வேண்டும் என்றும் சொல்வேன். இப்படிச் சொல்வதற்கான காரணங்களையும், இந்தப் பரிந்துரை யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே விளக்குகிறேன்.

முதலில் ஹம்பியைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோர் மனத்தில் முன்கூட்டியே இருப்பது அதுதான். 1336இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் விஜயநகர அரசின் தலைநகரம், 1565இல் தக்காண சுல்தான்களின் கூட்டுப் படையிடம் ஏற்பட்ட தோல்விக்குப் பின் கைவிடப்பட்டு, துங்கபத்ரா ஆற்றங்கரைப் பாறைக் குன்றுகளுக்கிடையே சிதைந்து கிடக்கிறது. 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தப் பகுதியின் பரப்பு நாற்பது சதுர கிலோமீட்டருக்கும் மேல்; அதில் எஞ்சியிருக்கும் கட்டுமானங்கள் 1,600க்கும் அதிகம். இந்த அளவுதான் ஹம்பியின் பெருமை. தனிப் பயணிக்கு அதன் சிரமமும் இதுவேதான். விரூபாட்சர் கோயிலைச் சுற்றிய ஆற்றங்கரைப் பகுதியும், தாமரை மகால், யானைக் கொட்டில், மகாநவமி மேடை ஆகியவை அடங்கிய அரண்மனைப் பகுதியும் சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. விட்டலர் கோயில் இன்னொரு திசையில் தனித்து நிற்கிறது. வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பினாலும், இடையில் வெயில் ஏறும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முக்கியமான இடங்களுக்கே மூன்று முழு நாள் தேவைப்படும்.

அந்த மூன்று நாளைக் கொடுத்தவருக்கு ஹம்பி குறை வைப்பதில்லை. ஐம்பது ரூபாய் நோட்டில் நாம் அன்றாடம் பார்க்கும் கல் தேரை விட்டலர் கோயிலில் நேரில் காணும்போது, அது ஒற்றைக் கல் இல்லை என்பதும், கருங்கற்களை இணைத்த மூட்டுகள் அலங்கார வேலைப்பாட்டுக்குள் மறைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் கிட்டே நின்று பார்த்தால்தான் புலப்படும். தேருக்கு முன்னால் இப்போது நிற்பவை யானைகள். அவற்றின் பின்னால் எஞ்சியிருக்கும் வால்களைக் கவனித்தால், முதலில் அங்கே குதிரைகள் இருந்தது தெரியவரும். அரண்மனைப் பகுதியில் 1980களின் அகழாய்வில் வெளிப்பட்ட படிக்கட்டுக் குளத்தின் கருநிறக் கற்களில், எந்தக் கல் எந்தத் திசையில் எந்த வரிசையில் அமர வேண்டும் என்று தச்சர்கள் பொறித்த அடையாளங்கள் இன்றும் தெளிவாக உள்ளன. விரூபாட்சர் கோயிலின் பின்புறத்தில் ஒரு சிறிய இருட்டறையின் சுவரில், கிழக்குக் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுவதையும் பார்க்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விரூபாட்சர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருப்பதால், இடிபாடுகளுக்கு நடுவே உயிருள்ள ஒரு திருத்தலத்தில் நிற்கும் உணர்வு ஹம்பியில் கிடைக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களில் வளர்ந்த கண்ணுக்கு ஹம்பியின் கோயிற்கலை பெரும்பாலும் பழக்கமானது. யாளித் தூண்களும், கல்யாண மண்டபமும், வானளாவும் ராயகோபுரமும் விஜயநகர, நாயக்கர் காலத்தில் நம் ஊர்களில் நிறைந்துவிட்டவை. திருவண்ணாமலை, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் ஆகிய கோயில்களின் பெரிய கோபுரங்களிலேயே கிருஷ்ணதேவராயரின் கை இருக்கிறது. வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தை நிதானமாகப் பார்த்தவர் விட்டலர் கோயில் மண்டபத்தில் திகைத்து நிற்க மாட்டார், ரசித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஹம்பியில் புதிதாகக் கிடைப்பது ஒரு தலைநகரத்தின் முழு அமைப்பு: கடைத்தெருக்கள், நீர்வழிகள், காவல் கோபுரங்கள், அரச மேடைகள், அவற்றைச் சூழ்ந்த அந்தப் பாறைகள். நகரம் எப்படி இயங்கியது என்பதில் ஆர்வமுள்ளவர் ஹம்பியையே தேர்ந்தெடுக்கலாம். அவரை நான் தடுக்க மாட்டேன்.

பாதாமி வேறு விதமான இடம். ஆறாம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்ட முற்காலச் சாளுக்கியரின் தலைநகரான வாதாபிதான் இன்றைய பாதாமி. முதலாம் புலிகேசி இங்கே கோட்டை அமைத்ததைச் சொல்லும் 543ஆம் ஆண்டுக் கல்வெட்டு மலைமேல் இருக்கிறது. செம்மணற்கல் குன்றுகள் இரண்டு, அவற்றுக்கு நடுவே அகத்தியர் பெயரில் ஓர் ஏரி, ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி ஊர், தெற்குக் குன்றில் பாறையைக் குடைந்து அமைத்த நான்கு குடைவரைகள், வடக்குக் குன்றில் கோட்டையும் சிவாலயங்களும், கிழக்குக் கரையில் பூதநாதர் கோயில் என்று அனைத்தும் நடந்தே சேரும் தொலைவில் அடங்கிவிடுகின்றன. வழிகாட்டியோ வண்டியோ தேவையில்லை. காலையில் குடைவரைகள், பிற்பகலில் அருங்காட்சியகமும் வடக்குக் குன்றும், மேற்கு வெயில் பூதநாதர் கோயில் மேல் விழும் நேரத்தில் ஏரிக்கரை என்று ஒரு நாளைத் தானாகவே வகுத்துக்கொடுக்கும் ஊர் அது.

குடைவரைகளில் மூன்றாவது மிகப் பெரியது. முதலாம் கீர்த்திவர்மன் ஆட்சியில், அவன் தம்பி மங்களேசன் 578இல் அதைச் செதுக்கி முடித்ததைக் கல்வெட்டே சொல்வதால், இந்தியக் குடைவரைகளில் நாள் உறுதியாகத் தெரிந்த அரிய சான்றாக அது விளங்குகிறது. அதன் முகமண்டபத்தில் அனந்தன் உடற்சுருளின் மேல் கால் மடித்து அமர்ந்திருக்கும் திருமால், பூமகளை ஏந்திய வராகர், ஓங்கி உலகளந்த திரிவிக்கிரமர், நின்ற கோலத்து நரசிம்மர் என ஆளை விட உயரமான சிற்பங்கள் சுற்றிலும் நிற்கின்றன. இவற்றைப் பார்த்துவிட்டுப் பலரும் அடுத்த குடைவரைக்குப் படியேறிவிடுவார்கள். சற்று நின்று தலையை உயர்த்தினால், தூண்களின் உச்சியிலிருந்து முன்சாய்ந்து கூரையைத் தாங்கும் மரத்தடி இணையர் உருவங்கள் தெரியும். மரத்தின் இலைக்கொத்து, பெண்ணின் தளர்ந்த நிலை, காலடியில் நிற்கும் பணியாளின் சிறிய உருவம் வரை அந்த மணற்கல்லில் அழியாமல் உள்ளன. கூரை வளைவில் பழைய ஓவியத்தின் வண்ணத் தடயங்களும் உண்டு. முதலாம் குடைவரையின் வாயிலருகே பதினெட்டுக் கைகளுடன் ஆடும் சிவனை, நம் பிற்கால ஆடவல்லான் செப்புத்திருமேனிகளைப் பார்த்துப் பழகியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும். நான்காவது சமணக் குடைவரை.

தமிழ்ப் பயணிக்குப் பாதாமியே முதல் தேர்வு என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் பல்லவ சாளுக்கியப் போர்களின் வரலாறு. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அந்த வரலாறு, முப்பத்தைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மூன்று ஊர்களில் கல்லில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஐஹொளேயில் மேகுதிக் குன்றின் மேலுள்ள சமணக் கோயில் சுவரில், இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் இரவிகீர்த்தியின் 634ஆம் ஆண்டு வடமொழிக் கல்வெட்டு உள்ளது. புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் பொலிவு மங்கி, அவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்கிறது அது. எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 642இல் மாமல்லன் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றினான். பின்னாளில் சிறுத்தொண்டர் என்று அறியப்பட்ட பரஞ்சோதியார் அந்தப் படையெடுப்பில் வாதாபியை அழித்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. அந்த வெற்றியைக் குறிக்கும் பல்லவக் கல்வெட்டு, சிதைந்த நிலையில், பாதாமிப் பாறையொன்றில் இன்றும் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். நகரத்தை அழிக்காமல், இராசசிம்மேச்சரம் என்று அப்போது வழங்கிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை அதற்கே திருப்பிக் கொடுத்ததாக அவன் பொறித்த கன்னடக் கல்வெட்டை அக்கோயில் தூணில் காணலாம். அவனுடைய அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாக 740ஐ ஒட்டிப் பட்டதக்கல்லில் எடுப்பித்த கற்றளி, அதாவது கற்கோயில்தான் இன்றைய விரூபாட்சர் கோயில். கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதையும், கோயிலைக் கட்டிய சூத்திரதாரி குண்டன் என்பவரின் சிறப்பையும் அங்குள்ள கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. கைலாசநாதரைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு, விமானத்தின் தளங்களும், அவற்றின் மேலுள்ள சாலை எனப்படும் நீள்கூரைச் சிறு மாடங்களும், வளைவுக் கூடுகளும், சுவர்க் கோட்டங்களில் நிற்கும் சிவ வடிவங்களும் எங்கிருந்து வந்தன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காஞ்சியில் பல சிற்பங்கள் பிற்காலச் சுதைப் பூச்சுக்குள் மறைந்துவிட்டன; பட்டதக்கல்லிலோ அதே மரபு சுதையின்றி, செதுக்கிய விளிம்போடு மணற்கல்லில் நிற்கிறது. முகமண்டபத் தூணில் சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணனோடு சடாயு பொரும் காட்சியைப் பாருங்கள். நம்மூர்ச் சிற்பி கண்ட இராமாயணத்துக்கும் இதற்கும் உள்ள உறவும் வேறுபாடும் ஒரே பார்வையில் தெரியும்.

பட்டதக்கல்லின் இன்னொரு அருமை, வடநாட்டு நாகரச் சிகரமும் தென்னாட்டுத் திராவிட விமானமும் ஒரே வளாகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. காடசித்தேசுவரம், சம்புலிங்கம், களகநாதர் ஆகியவை வளைந்தேறும் சிகரம் கொண்டவை. சங்கமேசுவரம், விரூபாட்சம், மல்லிகார்ச்சுனம் தளம் தளமாக உயர்பவை. சற்றுத் தள்ளியுள்ள பாபநாதர் கோயிலில் இரண்டும் கலந்திருக்கின்றன. கோயிற்கலையைப் புத்தகத்தில் படித்துப் புரியாமல் போனவர்கள் இங்கே இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். இவ்வளாகம் 1987இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஐஹொளேயின் துர்க்கை கோயில் தூங்கானை மாட வடிவில், அதாவது படுத்த யானையின் பின்புறம் போல வளைந்து இருப்பதையும், மாமல்லபுரத்துச் சகாதேவ ரதம் அதே வடிவம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அதன் சுற்றுப் பாதையில் வலம் வாருங்கள். இராவணப்படிக் குடைவரையில் சப்தமாதர் எனப்படும் ஏழு தாயர் சூழ ஆடும் சிவனைத் தவறவிட வேண்டாம்.

இனி நடைமுறை. இங்கேதான் ஹம்பி முந்துகிறது. பெங்களூரிலிருந்து ஹம்பி எக்ஸ்பிரசில் இரவு ஏறினால் காலையில் ஹொசபேட்டேயில் இறங்கலாம். சென்னையிலிருந்து மும்பை செல்லும் வண்டிகளில் குந்தக்கல் வரை போய், அங்கிருந்து ஹொசபேட்டேக்கு மாறுவது இன்னொரு வழி. ஹொசபேட்டேயிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹம்பிக்கு அரசுப் பேருந்துகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. பாதாமிக்குப் பெங்களூரிலிருந்து ஹுப்பள்ளி, கதக் வழியாக விஜயபுரா செல்லும் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் வசதியானது. நிலையம் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஆட்டோ தேவைப்படும். திருநெல்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தாதர் செல்லும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் பெயரைப் பார்த்து அது பாதாமிக்குப் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஹுப்பள்ளியில் இறங்கி, பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டும்.

மொழியும் தங்குமிடமும் ஹம்பியில் எளிது. தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் அங்கே செல்லும். சைக்கிள், ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். தனியாக வந்த வேறு பயணிகளோடு பேச்சுத் துணையும் அமையும். ஆற்றுக்கு அக்கரையில் விரூபாபுர கட்டேயில் இருந்த விடுதிகள் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2020இல் இடிக்கப்பட்டன என்பதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பி அங்கே அறை தேட வேண்டாம். ஹம்பி ஊர், கமலாபுரம், ஹொசபேட்டே, ஆனேகுந்தி ஆகியவையே இப்போதைய தெரிவுகள். பாதாமியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய முதன்மைச் சாலையில் எளிய லாட்ஜுகளும், கர்நாடகச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா சாளுக்யா விடுதியும் உண்டு. ஆனால் பேருந்துப் பலகைகள் பெரும்பாலும் கன்னடத்தில் மட்டுமே இருக்கும். ஊர்ப் பெயர்களைக் கன்னட எழுத்தில் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்வது பெரும் உதவி. பட்டதக்கல்லுக்குப் பேருந்து ஓரளவு கிடைக்கும், ஐஹொளேக்குக் குறைவு. ஆகவே காலை முதல் பேருந்தில் ஐஹொளே வரை சென்றுவிட்டுத் திரும்பும் வழியில் பட்டதக்கல்லில் இறங்குவது பாதுகாப்பான திட்டம். அதையும் ஒரே நாளில் முடிக்காமல், இரண்டு ஊருக்கும் தனித்தனி நாள் ஒதுக்குவது அதைவிட நல்லது. பணம் தடையில்லை என்றால் ஒரு நாளைக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அம்மாநிலத்தவருக்கு மட்டுமே என்பதால் நம் பெண்கள் சீட்டு வாங்க வேண்டும்.

தனியாகச் செல்லும் பெண்கள் ஹம்பியில் சூரிய மறைவைப் பார்க்க மதங்க மலைக்கோ ஹேமகூடத்துக்கோ ஏறினால், கூட்டம் இறங்கும்போதே தாமும் இறங்கிவிடுவது நல்லது. அச்சுதராயர் கோயில் பக்கத்து ஆளில்லாப் பாதைகளில் அந்தி நேரத்தில் நடக்க வேண்டாம். 2025 மார்ச்சில் ஆனேகுந்தியை அடுத்த சானாபூர் ஏரிப் பக்கம் இரவில் பயணிகள் தாக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். இருட்டிய பின் ஏரிக்கரைகளில் அமர அழைக்கும் விடுதித் திட்டங்களை மறுத்துவிடுங்கள். பாதாமியில் ஏரிக்கரை ஊரோடு ஒட்டியிருப்பதால் அந்த அச்சம் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியவை குரங்குகள். குடைவரைப் படிகளில் கையில் தின்பண்டப் பையோடு ஏறக் கூடாது.

சாப்பாட்டுக்காகவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டோம் என்றாலும், பாதாமியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள பனசங்கரி கோயிலுக்கு ஒரு நண்பகல் போய்வாருங்கள். கோயில் குளத்தருகே ஊர்ப் பெண்கள் கூடையில் கொண்டுவந்து விற்கும் சோள ரொட்டி, கத்தரிக்காய் எண்ணெய்ப் பொரியல், நிலக்கடலைப் பொடி, சிவப்பு மிளகாய்ச் சட்னி, கெட்டித் தயிர் ஆகியவற்றை அங்கேயே உட்கார்ந்து உண்ணலாம். பக்கத்துக் குளேதகுட்டாவின் ரவிக்கைத் துணியும், இளகல் சேலையும் பாதாமிக் கடைகளிலேயே கிடைக்கும்.

விஜயபுராவை ஏன் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். 1656இல் இறந்த முகமது ஆதில் ஷாவின் கல்லறையான கோல் கும்பஸும், அதைவிட நுணுக்கமான இப்ராகிம் ரௌசாவும் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் முக்கியமானவற்றை ஒரு முழு நாளில் பார்த்துவிடலாம். பாதாமியிலிருந்து அதே ரயில் பாதையில் மேலே செல்லும் ஊர் என்பதால், ஐந்தாம் நாள் ஒன்று கிடைத்தால் பாதாமியோடு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கிடைப்பவர் இரண்டையும் பார்க்கலாம். அப்போது வரிசை முக்கியம்: பாதாமி முதலில், ஹம்பி பிறகு. ஆறாம் நூற்றாண்டுக் குடைவரையில் தொடங்கி, எட்டாம் நூற்றாண்டுக் கற்றளிக்கு வந்து, அதன்பின் பதினாறாம் நூற்றாண்டு மண்டபங்களுக்குப் போனால், எது எதிலிருந்து வளர்ந்தது என்பது கண்ணிலேயே தெளியும். ஹம்பியின் பிரம்மாண்டத்தை முதலில் பார்த்துவிட்டால் ஐஹொளேயின் சிறிய கோயில்கள் கண்ணுக்கு எளியனவாகப் போய்விடும். பாவம், அவற்றின் மேல் எந்தத் தவறும் இல்லை.

முதன்முறை தனியாகப் புறப்படுபவர், மொழி தெரியாத ஊரில் தடுமாறுவோமோ என்று தயங்குபவர், கோயில்களைவிட மலையும் ஆறும் பாறையும் சேர்ந்த நிலக்காட்சியை விரும்புபவர், பரிசலில் ஆற்றைக் கடக்கவும் சைக்கிளில் சுற்றவும் ஆசைப்படும் இளைஞர் ஆகியோருக்கு என் பரிந்துரை ஹம்பிதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவரும் ஹம்பியையே எடுக்கலாம். விட்டலர் கோயிலுக்கு மின்கல வண்டி உண்டு, அரண்மனைப் பகுதியில் ஏற்றம் இல்லை. பாதாமியில் குடைவரைக்குச் செங்குத்தான படிகள், வடக்குக் குன்றுக்கு இன்னும் கடினமான ஏற்றம். எங்கு போவதானாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் பல கோயில்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் ஒரு ஜோடி காலுறையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.